அடுத்தது எப்போது? கடல் பூகம்பத்துக்குக் கணக்கு உண்டு, தேதி கிடையாது!

பழனி மலையின் மேற்குக் கோடியில் இருக்கிறது கிளாவரை. கேரள எல்லையை ஒட்டிய மேல்மலைக் கிராமம். கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர், பூண்டி என்று மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும் பஸ் கடைசியில் அங்கே போய் நிற்கும். வெள்ளைப்பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் எல்லாம் விளையும் பூமி.

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்த ஊர்ப் பக்கத்துக் காட்டில் நிலம் நீளமாகப் பிளந்து கிடந்தது. பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள்.

பூமி பிளந்தது என்று கேட்டவுடன் ஜனங்கள் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: "பூகம்பம் வரப்போகிறதா?"

நியாயமான கேள்வி. ஆனால் அதை மட்டும் கேட்டு நிறுத்தினால் பயம்தான் மிஞ்சும். அதோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். எங்கே வரும்? எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வரும்?

இந்த இரண்டுக்கும் இன்று ஓரளவு பதில் உண்டு. ஆனால் அந்தப் பதில் ஆராய்ச்சிக் கூடத்து அலமாரியிலேயே கிடக்கிறது. அது ஒவ்வொரு வீட்டுக்கும் வர வேண்டும். மலைக் கிராமத்துக்கும் வர வேண்டும். மீனவர் குப்பத்துக்கும் வர வேண்டும்.

மலையின் அபாயம் வேறு

மலையில் நிலம் பிளந்தால் உடனே அது பூகம்பத்தின் அடையாளம் என்று முடிவு கட்டக் கூடாது. சரிவான நிலத்தில் மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. மண் ஊறுகிறது. கனம் தாங்காமல் மெல்ல நழுவுகிறது. அப்போதும் மேட்டில் வெடிப்பு விழும். அதுவும் அபாயம்தான். ஆனால் அது மண்சரிவின் அபாயம். அதற்குக் காவல் வேறு, மருந்து வேறு.

பழனி மலை மிகப் பழைய பாறை. உலகத்தின் மாபெரும் பூகம்பங்கள் பிறக்கும் எல்லைக் கோடு அதன் கீழே ஓடவில்லை. அதற்காக இந்தப் பக்கம் பூமி அசையவே அசையாது என்றும் சொல்ல முடியாது. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி கோயம்புத்தூர்ப் பகுதியில் பூமி அதிர்ந்தது. அதன் அளவு சுமார் 6. தென்னாட்டின் பல ஊர்களில் அது தெரிந்தது.

ஆனால் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான உயிர்களை ஒரே காலையில் வாரிக் கொண்டு போன பூகம்பம் இந்த மண்ணில் பிறக்கவில்லை. அது பிறந்த எல்லைக் கோடு கிளாவரையில் இருந்து கிழக்கே ஏறக்குறைய ஆயிரம் மைலுக்கு அப்பால், அந்தமான் நிக்கோபார் தீவுகளை ஒட்டி, கடலுக்கு அடியில் ஓடுகிறது.

ஆயிரம் மைல் தூரத்து விஷயம் மலை ஜனங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். மலைக்காரர்கள் மலையிலேயே இருந்துவிடுகிறார்களா? வேளாங்கண்ணிக்குப் போகிறார்கள். நாகூருக்குப் போகிறார்கள். ராமேசுவரம் போகிறார்கள். பிள்ளைகள் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். 2004-ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு மறுநாள் வேளாங்கண்ணியில் இறந்தவர்களில் பலர் வெளியூரில் இருந்து வந்த யாத்ரீகர்களே. கடலைப் பார்த்துப் பழக்கம் இல்லாதவர்களுக்குத்தான் கடலின் குறிப்பு தெரிவது இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 6-28. சுமத்ராத் தீவுக்கு மேற்கே கடலடியில் பூமி உடைந்தது. உடைப்பு அங்கேயே நிற்கவில்லை. வடக்கே ஓடியது. நிக்கோபாரைத் தாண்டி அந்தமான் வரை, 800 மைலுக்குக் குறையாத நீளத்துக்கு ஓடியது. அதன் அளவு 9.1.

கடல் தளம் தூக்கப்பட்டது. அதன்மேல் இருந்த தண்ணீரும் தூக்கப்பட்டது. தூக்கிய தண்ணீர் நாலாபுறமும் பாய்ந்தது. ஆழ்கடலில் அந்த அலை ஜெட் விமானத்தின் வேகத்தில் போகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து அது தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு மணி நேரம்! ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரையில் இருந்து ஊருக்குள் நடந்து போக அரைமணி போதும். ஆனால் யாருக்கும் தெரியாது. சொல்வதற்கு ஆள் இல்லை. இந்து மகாசமுத்திரத்துக்கு என்று ஓர் எச்சரிக்கை ஏற்பாடே அப்போது இல்லை.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8 ஆயிரம் பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் பேர். எல்லா நாடுகளிலும் சேர்த்து சுமார் 2 லட்சத்து 28 ஆயிரம் பேர்.

ஏன் யாருக்கும் தெரியாமல் போயிற்று? அங்கே அவ்வளவு பெரிய பூகம்பம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஏன் எதிர்பார்க்கவில்லை? கணக்குப் புத்தகம் மிகச் சிறியதாக இருந்தது. அதுதான் காரணம்.

உப்பிய கதவு

கணக்கைப் புரிந்துகொள்ள முதலில் பூகம்பம் உண்டாகும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு அல்ல. பல துண்டுகள். அவற்றைத் தட்டுகள் என்கிறார்கள். அவை ஓயாமல் நகர்கின்றன. நகம் வளர்கிற வேகந்தான். இந்தியாவைச் சுமக்கும் தட்டு, அந்தமான் சுமத்ராப் பக்கத்தில் எதிரே உள்ள தட்டுக்கு அடியில் நுழைகிறது.

வழுக்கிக்கொண்டு போனால் தொந்தரவு இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றோடு ஒன்று கவ்விக்கொள்கின்றன. மழைக்காலத்தில் உப்பிப் போன மரக்கதவைத் தள்ளுவதைப் போலத்தான். தள்ளு, தள்ளு என்று தள்ளுகிறோம். அசையாது. பிறகு திடீரென்று 'தடால்' என்று திறக்கும். தள்ளியவர் உள்ளே போய் விழுவார்.

கடலடியில் அந்தத் 'தடால்'தான் பூகம்பம். தள்ளுகிற காலம் பல நூறு ஆண்டு. திறக்கிற நேரம் சில நிமிஷம்.

இங்கே ஒரு சின்னப் பெருக்கல் வகுத்தல் போடலாம். தட்டு ஆண்டுக்கு ஒன்றரை அங்குலம் நகர்வதாக வைத்துக்கொள்வோம். 2004-இல் சில இடங்களில் அது ஒரே தடவையில் 50 அடிக்கு வழுக்கியது. 50 அடி என்பது 600 அங்குலம். அதை ஒன்றரையால் வகுத்தால் 400. அதாவது, 400 ஆண்டு சேர்த்து வைத்ததை ஒரு காலையில் செலவு செய்துவிட்டது!

இது தோராயக் கணக்குத்தான். எல்லா இடத்திலும் தட்டு ஒரே வேகத்தில் நகர்வது இல்லை. அந்தமான் பக்கம் இன்னும் மெதுவாக நுழைகிறது. சில இடங்களில் சத்தம் இல்லாமல் கொஞ்சம் வழுக்கியும் விடுகிறது. ஆனாலும் ஒன்று தெளிவு. இது 50 ஆண்டுக் கணக்கு அல்ல. பல நூறு ஆண்டுக் கணக்கு.

சிறிய நோட்டு

இனி மனிதன் எழுதி வைத்த கணக்கைப் பார்க்கலாம்.

கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக்கூடம் 1899-இல் தொடங்கியது. இந்தியாவில் பூகம்பத்தைப் பதிவு செய்யும் கருவி முதன் முதலாக வைக்கப்பட்ட சில இடங்களில் கொடைக்கானலும் ஒன்று. எங்கோ கடலுக்கு அப்பால் பூமி அதிர்ந்தாலும் இப்படிப்பட்ட கருவியில் ஊசி அசையும், கோடு விழும்.

இது பழனி மலைக்குப் பெருமை. ஆனால் அந்தக் கோடுகளுக்கு வயது நூற்றுச் சொச்சம் ஆண்டுதான். 500 ஆண்டுக்கு ஒரு முறை வருகிற விருந்தாளியை 100 ஆண்டு வாசலில் உட்கார்ந்து எண்ண முடியுமா?

கருவிக்கு முந்தைய எழுத்துக் கணக்கும் அங்கே நீளமானது அல்ல. 1881 டிசம்பர் 31-இல் நிக்கோபார் அருகே ஒரு பூகம்பம். அளவு சுமார் 7.9. அதனால் எழும்பிய சிறிய அலை இந்தியத் துறைமுகங்களில் இருந்த கருவிகளில் பதிவானது. 1941 ஜூன் 26-இல் அந்தமானில் ஒரு பூகம்பம். இவையே பெரியவை என்று எண்ணியிருந்தார்கள். அப்படி எண்ணியதில்தான் மோசம் போனது. சின்ன நோட்டைப் பார்த்துப் பெரிய கடனை மறந்த கதை அது.

மணல் சொன்ன சாட்சி

மனிதன் எழுதாததை மண் எழுதி வைத்திருக்கிறது.

பேரலை வரும்போது கடல் மணலை அள்ளிக்கொண்டு வருகிறது. தாழ்ந்த நிலத்தில் பரப்பிவிட்டுப் போகிறது. பிறகு அதன்மேல் சேறு படிகிறது, புல் முளைக்கிறது, மக்குகிறது. பல நூறு ஆண்டுக்குப் பின் அடுத்த அலை வந்து இன்னொரு மணல் அடுக்கைப் போடுகிறது. குழி தோண்டிப் பார்த்தால் கறுப்புச் சேறு, வெள்ளை மணல், கறுப்புச் சேறு, வெள்ளை மணல் என்று அடுக்கு அடுக்காகத் தெரியும்.

அடுக்கின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? மணலோடு அகப்பட்ட இலை, குச்சி, கரித்துண்டு இருக்கிறதே, அது சொல்லும். உயிருள்ள எதிலும் ஒருவகைக் கரி அணு இருக்கிறது. உயிர் போனபின் அது குறைந்துகொண்டே வரும். 5,730 ஆண்டில் பாதியாகும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் வயது தெரிந்துவிடும்.

2004-க்குப் பிறகு விஞ்ஞானிகள் மண்வெட்டியும் குழாயும் எடுத்துக்கொண்டு கரை கரையாகப் போனார்கள். தாய்லாந்தின் பிரா தோங் தீவில் 2004 மணலுக்கு அடியில் அதே மாதிரி இன்னொரு மணல் அடுக்கு கிடைத்தது. அதன் வயது 550 முதல் 700 ஆண்டு. சுமத்ராவின் ஆச்சே பகுதியிலும் தோண்டினார்கள். 1290-க்கும் 1400-க்கும் இடையே ஒரு பேரலை. அதற்கு முன் 780-க்கும் 990-க்கும் இடையே ஒன்று.

தமிழ்நாட்டிலும் சாட்சி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் சி.பி.ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். சோழர் காலத்துப் பேரலை ஒன்று விட்டுச் சென்ற மணல் அங்கே இருப்பதாக 2011-இல் எழுதினார்கள். அதன் வயது சுமார் ஆயிரம் ஆண்டு.

புகார் நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்வதைத் தமிழர்கள் காலம் காலமாகக் கேட்டு வருகிறார்கள். காப்பியம் சொன்ன வெள்ளமும் மணல் சொல்லும் அலையும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. மணலில் உள்ளது சோழப் பேரரசுக் காலத்து அலை. காப்பியம் அதற்கு முந்தியது. ஆனால் கடல் ஊருக்குள் வரும் என்ற ஞாபகம் இந்தக் கரைக்குப் புதிது அல்ல.

ஒரு கரையில் 600 ஆண்டு என்கிறார்கள். இன்னொரு கரையில் ஆயிரம் என்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? ஒவ்வோர் அலையும் ஒவ்வொரு கரையிலும் மணல் போடுவது இல்லை. போட்ட மணலையும் ஆறு அரித்துவிடும், புயல் கலைத்துவிடும், மனிதன் தோண்டிவிடுவான். ஆகையால் ஒரு குழியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பல சாட்சிகளை விசாரிக்க வேண்டும்.

பவளமும் மரமும்

அப்படிப் பல சாட்சிகளை விசாரித்திருக்கிறார்கள்.

சுமத்ராவுக்கு மேற்கே மெந்தாவாய்த் தீவுகள் இருக்கின்றன. அங்கே கடலோரத்தில் பவளப்பாறை வளர்கிறது. மரத்துக்கு வளையம் உண்டு அல்லவா? பவளத்துக்கும் உண்டு. தண்ணீர் மட்டம் வரையில்தான் அது உயிரோடு வளரும். பூகம்பத்தில் தீவு மேலே தூக்கப்பட்டால் தண்ணீருக்கு வெளியே நீட்டிய பகுதி செத்துப்போகும். வளையத்தை எண்ணினால் எந்த ஆண்டில் தூக்கியது என்று தெரியும். கெர்ரி சீ என்பவரும் இந்தோனேசிய விஞ்ஞானி தானி ஹில்மான் நாத்தாவிஜாயாவும் இந்தப் பவளங்களைப் படித்தார்கள். அங்கே ஏறக்குறைய 200 ஆண்டுக்கு ஒரு முறை பெரிய பூகம்பங்கள் கூட்டமாக வருகின்றன என்று கண்டார்கள். கடைசிக் கூட்டம் 1797-லும் 1833-லும் வந்தது. 2007-இல் 8.4 அளவில் வந்தது அடுத்த கூட்டத்தின் தொடக்கம் என்பது அவர்கள் கருத்து.

அமெரிக்காவின் மேற்குக் கரைக் கதை துப்பறியும் கதை போன்றது. அங்கே எழுத்து இல்லாத காலத்தில் ஒரு மாபெரும் பூகம்பம் வந்தது. நிலம் தாழ்ந்தது. உப்புத் தண்ணீர் புகுந்து தேவதாரு இன மரங்கள் காடு காடாகச் செத்து நின்றன. மர வளையத்தைப் பார்த்தால் கடைசி வளையம் 1699. ஜப்பானில் பழைய ஏடுகளைப் புரட்டினால், 1700 ஜனவரியில் பூமி அதிராமலே ஒரு பேரலை வந்ததாக எழுதியிருக்கிறது. தாய் அமெரிக்காவில், பிள்ளை ஜப்பானில்! இரண்டையும் சேர்த்து 1700 ஜனவரி 26 என்று தேதியையே கண்டுபிடித்துவிட்டார்கள்.

சிலி நாட்டில் 1960 மே 22-இல் வந்ததே, 9.5 அளவு, அதுதான் கருவியில் பதிவானவற்றில் மிகப் பெரியது. அதே இடத்தில் 1837-லும் 1737-லும் பூகம்பம் வந்திருக்கிறது. ஆனால் மண்ணைத் தோண்டினால் அந்த இரண்டின் தடயம் அதிகம் இல்லை. அதற்கு முந்திய 1575-இன் தடயம் நன்றாக இருக்கிறது. அதாவது நடுவில் வந்த இரண்டும் சேமிப்பில் கொஞ்சம்தான் எடுத்தன. மிச்சம் எல்லாம் 1960-க்குக் காத்திருந்தது.

இதில் ஒரு பாடம் உண்டு. "நேற்றுத்தானே வந்தது, இனிப் பயம் இல்லை" என்று சொல்ல முடியாது.

சராசரி ஒரு கால அட்டவணை அல்ல

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடத்தைச் சொன்னது ஒரு குகை. ஆச்சே கடற்கரையில் அந்தக் குகை இருக்கிறது. உள்ளே வௌவால்கள். ஒவ்வொரு பேரலையும் குகைக்குள் மணலைக் கொட்டியது. அதன்மேல் வௌவால் எச்சம் படிந்தது. மறுபடி மணல். மறுபடி எச்சம். 7,400 ஆண்டுக்கு முன்னால் தொடங்கி 2,900 ஆண்டுக்கு முன்னால் வரை 11 பேரலைகளின் மணல் அங்கே இருக்கிறது. இந்த ஆராய்ச்சி 2017-இல் வெளிவந்தது.

சராசரி பார்த்தால் சுமார் 450 ஆண்டுக்கு ஒன்று.

"அப்படியானால் 2004-ஓடு 450-ஐக் கூட்டினால் 2454. அதுவரை கவலை இல்லை" என்று யாராவது சொல்லலாம். சொல்லக் கூடாது. ஏன் என்றால், அதே குகையில் 2 ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஓர் அலையும் வராத காலமும் இருக்கிறது. ஒரே நூற்றாண்டுக்குள் பல அலைகள் வந்த காலமும் இருக்கிறது.

மலைப் பாதையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு நாளைக்கு நாலு பஸ் என்றால் ஆறு மணிக்கு ஒன்று என்று அர்த்தமா? காலையில் இரண்டு பஸ் அடுத்தடுத்து வந்துவிடும். பிறகு பொழுது சாயும் வரை ஒன்றும் வராது. கணக்கில் நாலு பஸ் சரியாக இருக்கும். நின்றவர் கால்தான் கடுக்கும்.

2004 டிசம்பருக்குப் பிறகு என்ன நடந்தது? மூன்றே மாதம். 2005 மார்ச் 28-இல் அதற்குத் தெற்கே நியாஸ் தீவுப் பக்கம் 8.6 அளவில் இன்னொன்று வந்தது. ஒரு பக்கம் உடைந்தபோது பக்கத்துப் பகுதியின்மேல் பாரம் ஏறியது.

ஆகவே இப்படிச் சொல்வதுதான் சரி. 500 ஆண்டுக்கு ஒரு முறை, எந்த ஒழுங்கும் இல்லாமல் வருவதாக வைத்துக்கொண்டால், 60 ஆண்டு வாழும் ஒருவர் தம் ஆயுளில் அதைப் பார்க்க ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 2004-இல் உடைந்த இடம் உடனே மறுபடி உடையும் வாய்ப்பு குறைவு என்பது பல விஞ்ஞானிகளின் எண்ணம். ஆனால் உடையாத பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. மேற்கே பாகிஸ்தான் கரையை ஒட்டிய மக்ரான் இருக்கிறது. 1945 நவம்பரில் அங்கே பிறந்த அலை பம்பாய் வரை வந்தது.

இன்ன தேதியில் பூகம்பம் வரும் என்று உலகத்தில் எந்த விஞ்ஞானியும் சொல்ல முடியாது. சொல்கிறவர் ஜோசியராக இருந்தாலும், கைபேசியில் சேதி அனுப்புகிறவராக இருந்தாலும், அதை நம்பி ஊரைக் கலக்க வேண்டியது இல்லை. கணக்கு உண்டு, தேதி கிடையாது. இந்த வித்தியாசம் தெரிந்த ஊரில் வதந்தி நிற்காது.

கணக்கு இருந்தும் கெட்ட கதை

கணக்கு மட்டும் இருந்தால் போதுமா? போதாது.

ஜப்பானில் 869-ஆம் ஆண்டு ஒரு பேரலை வந்தது. ஏட்டில் இருக்கிறது. செந்தாய்ச் சமவெளியில் அந்த அலை போட்ட மணலை விஞ்ஞானிகள் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். கடல் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று எடுத்தும் சொன்னார்கள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். காரியம் நடப்பதற்குள் 2011 மார்ச் 11 வந்துவிட்டது. 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். புக்குஷிமா அணு மின் நிலையம் கெட்டது.

தமிழ்நாட்டிலும் கல்பாக்கமும் கூடங்குளமும் கடலோரத்தில்தான் இருக்கின்றன. 2004-இல் கல்பாக்கத்தில் அலைத் தண்ணீர் வந்தது. நிலையம் பத்திரமாக நிறுத்தப்பட்டது. "எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை, எவ்வளவு உயரம்" என்ற கேள்வி வெறும் புத்தகக் கேள்வி அல்ல. சுவரை எவ்வளவு உயரம் கட்டுவது, வீட்டை எங்கே கட்டுவது என்பதெல்லாம் அதில்தான் அடங்கி இருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது

சில காரியங்கள் நடந்திருக்கின்றன. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கடலடியில் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகள் வைத்திருக்கிறார்கள். 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா அருகே 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது எச்சரிக்கை உடனே வந்தது. நல்ல வேளையாக அலை பெரிதாக இல்லை.

ஆனால் எச்சரிக்கை மணி அடித்தால் மட்டும் போதாது. கேட்டவன் எந்தப் பக்கம் ஓடுவது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

500 ஆண்டுக்கு ஒரு முறை வருவதற்கு இவ்வளவு செலவா என்று சிலர் கேட்பார்கள். நியாயம் போலத் தோன்றும். ஆனால் அந்த மேட்டுப் பாதையும் பாதுகாப்புக் கட்டிடமும் 500 ஆண்டு சும்மா இருக்கப் போவது இல்லை. 1964-இல் தனுஷ்கோடியை அழித்தது புயல். 2018-இல் டெல்டாவின் தென்னை மரங்களைச் சாய்த்தது கஜா புயல். புயலுக்கு உதவுவது சுனாமிக்கும் உதவும். மணல் மேட்டை வெட்டாமல் விட்டால் இரண்டுக்கும் காவல்.

கடலோர ஊர் ஒவ்வொன்றிலும் 2004-இல் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று ஒரு கல்லில் கோடு போட்டு நட வேண்டும். ஜப்பானில் அநேயோஷி என்ற சிற்றூரில், இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று முன்னோர் ஒரு கல்லை நட்டு வைத்தார்கள். ஊரார் கேட்டார்கள். 2011-இல் அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

ஆண்டுதோறும் டிசம்பர் 26-இல் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். கடலில் பால் ஊற்றுகிறார்கள். அது இறந்தவர்களுக்கு. அன்றைக்கே பள்ளிப் பிள்ளைகளை மேட்டுக்கு ஓடப் பழக்கினால் அது இருப்பவர்களுக்கு.

மலை ஊர்களுக்கும் வேலை இருக்கிறது. கிளாவரை போன்ற ஊர்களில் பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்திலோ ஒரு நோட்டு வைக்க வேண்டும். வெடிப்பு எங்கே விழுந்தது, என்றைக்கு, எவ்வளவு நீளம், அதற்கு முன் எத்தனை நாள் மழை என்று எழுத வேண்டும். ஊற்று நின்றால் எழுத வேண்டும். மரம் சாய்ந்தால் எழுத வேண்டும். இன்றைக்கு அது சின்ன நோட்டு. ஐம்பது ஆண்டு கழித்து அதுவே அந்த மலையின் கணக்கு. கணக்கு இல்லாததால்தான் கடலில் ஏமாந்தோம். மலையிலும் ஏமாறக் கூடாது.

ஒரு தீவின் ஞாபகம்

பேரலையின் பெரிய கூட்டாளி மறதி. 2004-இல் பிறந்த குழந்தைக்கு இன்று ஓட்டு உரிமை வந்துவிட்டது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்தக் காலை வெறும் கதை. இன்னும் மூன்று தலைமுறை போனால் கதையும் இராது. அடுத்த அலை அப்போதும் வரலாம். அதற்கு முன்பும் வரலாம்.

மறக்காத ஊர் ஒன்று உலகத்தில் உண்டு. சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமியுலு என்று ஒரு தீவு. 1907-இல் அங்கே ஒரு பேரலை வந்து ஏராளமான பேரைக் கொன்றது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்தார்கள். பூமி பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பாட்டிலும் கதையிலும் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். தொட்டில் பிள்ளைக்கும் சொன்னார்கள்.

97 ஆண்டு கழிந்தது. 2004-இல் பூகம்பம் பிறந்த இடத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அதுதான். கருவி இல்லை. மணி இல்லை. அரசாங்க உத்தரவு இல்லை. யாரோ 'ஸ்மோங்' என்று கத்தினார்கள். ஊரே மலைக்கு ஓடியது. தீவில் சுமார் 78 ஆயிரம் ஜனங்கள். இறந்தவர்கள் ஏழு பேர்.

ஏழு பேர்! அவர்களிடம் பூகம்பக் கணக்கு இல்லை. பாட்டி சொன்ன வார்த்தை இருந்தது.

தமிழ்நாட்டுக் கரை பூகம்பம் பிறக்கும் இடத்துக்குத் தூரம். இங்கே நடுக்கம் லேசாகத்தான் தெரியும், தெரியாமலும் போகலாம். ஆகையால் இங்கே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இது: கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காதே. கிளிஞ்சல் பொறுக்காதே. மீன் பிடிக்காதே. மேட்டுக்கு ஓடு. கடல் உள்வாங்காமலே அலை வருவதும் உண்டு. எச்சரிக்கை கேட்டாலும் ஓடு. முதல் அலை போனதும் திரும்பாதே. அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இதைத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். தாத்தா பேரனுக்குச் சொல்லலாம். மலையில் இருப்பவர் வேளாங்கண்ணிக்குப் புறப்படும் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லலாம்.

விஞ்ஞானிகள் மணலை எண்ணட்டும்; பவளத்தை எண்ணட்டும். அவர்கள் சொல்லும் 500-ம் ஆயிரமும் இன்னும் மாறலாம். ஆனால் ஞாபகத்தை விஞ்ஞானி காப்பாற்ற முடியாது. அதைக் காப்பாற்ற வேண்டியது வீடு.